இன்யுலின் பொடியால் வயிறு உப்புகிறது: பொறுத்துக்கொள்வதா, நிறுத்துவதா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நான்கைந்து மாதமாக மலச்சிக்கல். நாலு பேர் சொன்னதைக் கேட்டு 'ப்ரீபயாடிக் ஃபைபர்' என்று ஒரு பொடி வாங்கினீர்கள். பின்பக்க லேபிளில் இன்யுலின் என்று மட்டும் இருக்கிறது. காலையும் இரவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பன்னிரண்டு நாளாகக் குடிக்கிறீர்கள். மலம் முன்பைவிடக் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஆனால் மாலையானால் வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிடுகிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் சங்கடம், இரவில் தூக்கமும் கெடுகிறது. விற்றவர்களைக் கேட்டால் "உள்ளே கெட்ட பாக்டீரியா செத்துக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தொடரலாமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: இந்த உப்புசம் பொடி வேலை செய்வதன் அடையாளமா, அல்லது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் அடையாளமா?

இரண்டுமே இல்லை என்பதுதான் என் பதில். எடுத்த அளவு அதிகம், ஏற்றிய வேகம் அதிகம். உப்புசம் சொல்வது அவ்வளவுதான். பொடியைச் சில நாள் நிறுத்துங்கள். பிறகு என்ன செய்யலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உணவியல் படித்துவிட்டு, பதினெட்டு வருடமாக ஒரு மருத்துவமனையின் இரைப்பை, குடல் பிரிவில் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. உங்களை நேரில் பார்க்காமல் மலச்சிக்கலுக்குக் காரணம் இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொடி வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல முடியும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்யுலின் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1804இல் வாலன்டைன் ரோஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இன்யுலா என்ற செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்தார், பெயரும் அதிலிருந்தே வந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து வருகிறது. ஃபிரக்டோஸ் சர்க்கரை மணிமணியாகக் கோத்த ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகளுக்கு இடையிலுள்ள முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. அதனால் அது வயிற்றையும் சிறுகுடலையும் கிட்டத்தட்ட அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெரியது. மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அதில் மிகப் பெரும் பங்கு பெருங்குடலில்தான். அவற்றில் சில வகைகளுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியும். அவை இன்யுலினைப் புளிக்க வைக்கின்றன. அப்போது அசிட்டேட், புரொப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன, கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும். புளித்த மாவு ஏன் பொங்குகிறதோ அதே காரணத்தால்தான் உங்கள் வயிறும் பொங்குகிறது.

ஆக, வாயு வருவது தவறான விஷயம் இல்லை. இன்யுலின் புளிக்கிறது என்றால் வாயு வந்தே தீரும். "பாக்டீரியா சாகிறது" என்ற கதைக்குத்தான் ஆதாரம் இல்லை. உண்மையில் அங்கே நடப்பது நேர் எதிரானது: சாப்பாடு கிடைத்து சில வகைகள் பெருகுகின்றன. சிஃபிலிஸ் போன்ற சில தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த சில மணி நேரத்தில், கிருமிகள் கொத்தாகச் சாவதால் காய்ச்சலும் குளிரும் வருவது மருத்துவத்தில் தெரிந்த ஒன்று. யாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்பார்கள். அந்தச் சட்டையை எடுத்து நார்ச்சத்துப் பொடிக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். வசதியான விளக்கம்தான். எவ்வளவுக்கெவ்வளவு கஷ்டமோ அவ்வளவுக்கவ்வளவு பலன் என்று ஆகிவிட்டால், யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இன்யுலினின் உறவுக்காரனான காலக்டோ ஆலிகோசாக்கரைடு, சுருக்கமாக ஜிஓஎஸ், தினமும் 3 கிராமுக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முதல் சில நாள் வாயு கூடியது, பிறகு தொடர்ந்து எடுக்கும்போதே பழைய நிலைக்கு இறங்கியது. குடலில் இருக்கும் கூட்டம் புதிய உணவுக்கு ஏற்றபடி மாறிக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அளவைக் கவனியுங்கள். நீங்கள் எடுப்பது மேசைக்கரண்டி நிறைய, இரண்டு வேளை. ஒரு மேசைக்கரண்டி இன்யுலின் ஏறத்தாழ 8 கிராம் வரும், கோபுரமாக அள்ளினால் இன்னும் மேலே. நாளொன்றுக்கு 16 கிராமைத் தாண்டுகிறது. பழக்கமே இல்லாத குடலுக்கு முதல் நாளே இதைக் கொடுத்தால், யாராக இருந்தாலும் மத்தளம்தான். ஆரோக்கியமானவர்களில்கூடப் பலருக்கு 10 கிராமைத் தாண்டும்போது தொந்தரவு தெரிய ஆரம்பிக்கும்.

அப்படியென்றால் ஒரே அளவை எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு வருகிறது. 2017இல் நாட்டிங்காம் ஆய்வாளர்கள், ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் இன்யுலினைக் கொடுத்து, எம்ஆர்ஐ ஸ்கேனில் பெருங்குடலுக்குள் எவ்வளவு வாயு சேர்கிறது என்று அளந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வாயு ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் வலி, உப்புசம் என்று சொன்னவர்கள் ஐபிஎஸ் உள்ளவர்களில் அதிகம். வாயு சமம், அதை உணரும் குடல் வேறு. வாயு வருகிறது என்று நோயாளிகள் சொல்லும்போது "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடுகிறவர்களும், "உங்களுக்கு அதிக வாயு உற்பத்தியாகிறது" என்று மாத்திரை எழுதுகிறவர்களும் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம். உங்கள் விஷயத்தில் இதன் பொருள்: அளவைக் குறைத்த பிறகும், மெதுவாக ஏற்றிய பிறகும், சிறிதளவு இன்யுலினே உங்களைப் படுத்துகிறது என்றால், உங்கள் குடல் கொஞ்சம் கூச்சமுள்ள ரகமாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பொடியோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இனி, பொடி எதற்காக என்ற விஷயத்துக்கு வருகிறேன். ப்ரீபயாடிக் என்ற சொல்லை 1995இல் கிப்சன், ராபர்ஃபுராய்ட் என்ற இருவர் முன்வைத்தார்கள். 2017இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு அதைத் திருத்தி எழுதியது. அதன் சாரம்: நம் உடம்பில் வாழும் நுண்ணுயிர்கள் தேர்ந்து பயன்படுத்திக்கொள்ளும், அதனால் நமக்கு ஓர் ஆரோக்கியப் பலன் தரும் பொருள். இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. நுண்ணுயிர் சாப்பிட வேண்டும், அதனால் நமக்கும் பலன் இருக்க வேண்டும். விளம்பரங்கள் முதல் பாதியை நிரூபித்துவிட்டு இரண்டாவது பாதியைச் சும்மா கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். இன்யுலின், அதன் குட்டைச் சங்கிலி வடிவமான எஃப்ஓஎஸ், ஜிஓஎஸ் இவற்றால் பிஃபிடோபாக்டீரியா என்ற வகை கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது, அதில் சந்தேகமில்லை. பிஃபிடோ கூடியதால் உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்டால்தான் பதில் தடுமாறும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை. உலகின் முதல் ப்ரீபயாடிக் தாய்ப்பால்தான். லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு சர்க்கரைக் கூட்டம். குழந்தைக்குப் பயன்படாததைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியாவுக்கான சாப்பாடு அது. கருத்தில் பழுது ஏதும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பழுதெல்லாம் அந்தக் கருத்தை ஒரு டப்பாவில் அடைத்து எல்லா நோய்க்கும் விற்பதில்தான்.

உங்கள் நோய் மலச்சிக்கல். அதற்கு நார்ச்சத்து என்று பொதுவாகச் சொல்வது, தலைவலிக்கு மாத்திரை என்று சொல்வதைப் போல. எந்த நார் என்று கேட்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லிக் கொடுப்பேன்: தண்ணீரில் கரையுமா, கரைந்தால் கூழாகுமா, குடலில் புளிக்குமா? இன்யுலின் கரையும், கூழாகாது, வேகமாகப் புளிக்கும். கோதுமைத் தவிடு கரையாது, கொஞ்சம்தான் புளிக்கும், சொரசொரப்பால் குடலைச் சீண்டி வேலை வாங்கும். இசப்கோல் உமி என்று நாம் சொல்லும் சைலியம், நீரை இழுத்து நன்றாகக் கூழாகும், ஆனால் மிகக் கொஞ்சமே புளிக்கும். கடைசி வரிதான் முக்கியம். புளிக்காத கூழ், பிடித்து வைத்த தண்ணீரோடு கடைசிவரை போய்ச் சேருகிறது. அதனால் மலம் இளகி, கனத்து, இறங்குகிறது. இன்யுலினோ பாதி வழியிலேயே தின்னப்பட்டுக் காணாமல் போய்விடுகிறது. இன்யுலினால் மலம் பெருகுவது, பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடுவதாலும் அவை உண்டாக்கும் அமிலங்களாலும்தான். பலன் உண்டு: சிக்கரி இன்யுலின் நாளுக்கு 12 கிராம் எடுத்தால் மலம் கழிக்கும் தடவைகள் கூடுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இளகியதும் கற்பனை இல்லை. ஆனால் அந்த 12 கிராமுக்குக் கொடுக்க வேண்டிய விலை பலருக்கு உப்புசம்.

வேடிக்கை என்னவென்றால், ப்ரீபயாடிக் என்ற கடுமையான இலக்கணத்துக்குள் அவ்வளவாக வராத சைலியம்தான் மலச்சிக்கலுக்கு நல்ல சாட்சியங்களோடு நிற்கிறது. 2022இல் 16 ஆய்வுகளை, மொத்தம் 1,251 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், நார்ச்சத்து எடுத்தவர்களில் 66% பேருக்கு மலச்சிக்கல் குறைந்தது. எடுக்காத ஒப்பீட்டுக் குழுவிலும் 41% பேருக்குக் குறைந்தது. இந்த 41ஐ மறந்துவிடாதீர்கள். எந்தப் பொடியையும் பத்து பேர் சாப்பிட்டால் நான்கு பேர் "எனக்குச் சரியாயிற்று" என்று சாட்சி சொல்வார்கள் என்று அதை வைத்துக்கொள்ளலாம். அதே அலசலில், சைலியமும், நாளுக்கு 10 கிராமுக்கு மேற்பட்ட அளவும், குறைந்தது நான்கு வாரம் எடுப்பதும் நன்றாக வேலை செய்தது தெரிந்தது. பன்னிரண்டு நாளில் எதையும் தீர்ப்பு சொல்வது அவசரம் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம். பொடியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 2021இல் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களை மூன்றாகப் பிரித்து, தினம் இரண்டு கிவிப் பழம், 100 கிராம் உலர்ந்த ப்ளம் பழம், 12 கிராம் சைலியம் என்று நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுமே உதவின. முகம் சுளித்தவர்கள் குறைவாக இருந்தது கிவி சாப்பிட்ட குழுவில்.

டப்பாவின் மேல் எழுதியிருக்கும் மற்ற வாக்குறுதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: எதிர்ப்புச் சக்தி, எடை, மனநிலை, குடல் ஆரோக்கியம், புற்றுநோய்த் தடுப்பு. வரிசையாகச் சொல்கிறேன் என்றால் விடிந்துவிடும், அதனால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் என்பது 1980களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்தது. அதை வைத்து "இன்யுலின், பியூட்டிரேட், ஆரோக்கியம்" என்று நேர்க்கோடு போடுகிறார்கள். கோடு அவ்வளவு நேர் இல்லை. இன்யுலினை முதலில் தின்னும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு பியூட்டிரேட் செய்யத் தெரியாது. அது அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளியே விடும், வேறொரு கூட்டம் அதை எடுத்து பியூட்டிரேட்டாக மாற்றும். அந்த இரண்டாவது கூட்டம் உங்கள் குடலில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கரண்டிப் பொடி இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடியும். யாருக்கு எது ஒத்துவரும் என்று மலப் பரிசோதனை செய்து முன்கூட்டியே சொல்வதாக விற்கும் சோதனைகளை நான் இப்போதைக்கு யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது, புற்றுநோய். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட 900க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு, தினம் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்தைச் சில ஆண்டுகள் கொடுத்துவிட்டு, பிறகு நெடுங்காலம் கவனித்தார்கள். 2022இல் வந்த முடிவு எல்லோரையும் புருவம் உயர்த்த வைத்தது. பெருங்குடல் புற்று குறையவில்லை. மற்ற உறுப்புகளில், முக்கியமாக மேல் குடல் பகுதியில் வரும் புற்றுகள் குறைந்தன. பெருங்குடலில் புளிக்கும் ஒரு பொருள் பெருங்குடலை விட்டுவிட்டு வேறு எங்கோ உதவியது ஏன் என்பதற்கு யூகங்கள் இருக்கின்றன, தீர்ப்பு இல்லை. அதுவும் அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கிடைத்த முடிவு. அதை எடுத்து எல்லோருக்கும் பொருத்த முடியாது. நார்ச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய், நீரிழிவு, அகால மரணம் குறைவு என்று 2019இல் வந்த பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. நாளுக்கு 25 முதல் 29 கிராம் என்ற அளவில் அது தெளிவாகத் தெரிந்தது. உலகச் சுகாதார அமைப்பும் 2023இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்றது. ஆனால் இரண்டுமே தானியம், பருப்பு, காய், பழம் வழியாக வரும் நார்ச்சத்தைப் பற்றியவை. முழு உணவுக்குக் கிடைத்த நற்சான்றை ஒற்றைப் பொடியின் கழுத்தில் மாட்டுவது தவறு. கொலஸ்ட்ரால் விஷயத்திலும் இதே எச்சரிக்கை: கூழாகும் சைலியமும் ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நாரும் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைப்பது உறுதி. கூழாகாத இன்யுலினுக்கு அந்தப் பெயரைத் தர முடியாது.

இப்போது, நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். மலம் கட்டியாக இருப்பது உங்கள் பிரச்சினையா, அல்லது மலம் வாசல்வரை வந்து நிற்கிறது, வெளியே வரவில்லை என்பதா? உட்கார்ந்து முக்கி முக்கி, போய் வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற உணர்வு இருக்கிறதா? இரண்டாவது ரகம் என்றால், எந்த நாரும் அதைத் தீர்க்காமல் போகலாம். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்புத் தளத் தசைகள் தளராமல் இறுகிக்கொள்வது ஒரு தனிக் கோளாறு. 1997இல் வந்த ஓர் ஆய்வில், பரிசோதனையில் எந்தக் கோளாறும் தெரியாத மலச்சிக்கல்காரர்களில் 85% பேருக்கு நார்ச்சத்து கைகொடுத்தது. குடல் நகர்வே மந்தமாக உள்ளவர்களில் 80% பேருக்கும், வெளியேற்றக் கோளாறு உள்ளவர்களில் 63% பேருக்கும் கைகொடுக்கவில்லை. கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே ஆட்களை ஏற்றிக்கொண்டே போனால் நெரிசல்தான் மிஞ்சும். எங்கள் பிரிவுக்கு ஒரு பெண்மணி வந்தார். ஒன்றரை வருடமாக மூன்று வகை நார்ச்சத்துப் பொடி மாற்றி மாற்றி எடுத்தும் வயிறு பெருத்ததைத் தவிர வேறு பலன் இல்லை. அவருக்கு மேலும் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தவள் நான்தான், அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு மருத்துவர் பரிசோதித்துத் தசைக் கோளாறு என்று கண்டுபிடித்து, தசை இறுகுவதையும் தளர்வதையும் கருவியில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு அனுப்பினார். சில வாரத்தில் பொடி எதுவும் இல்லாமலே சரியானார். அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாருக்கும் நார்ச்சத்து எழுதுவதில்லை.

அதேபோல் நான்கைந்து மாதத்துக்கு முன் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், ஓபியாய்டு வகை வலி மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள் எல்லாமே மலத்தைக் கட்டும். தைராய்டு மந்தமும் கட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, வாந்தி, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று, அல்லது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு திடீரென்று மலப்பழக்கம் மாறியது, இதில் எது இருந்தாலும் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கிரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சியால் குடல் குறுகியிருப்பவர்கள், முன்பு குடல் அடைப்பு வந்தவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் எந்த நார்ச்சத்துப் பொடியையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

இவை எதுவும் இல்லை என்றால், என்னிடம் வந்திருந்தால் நான் சொல்லியிருப்பது இதுதான். நான்கைந்து நாள் இன்யுலினை முழுவதும் நிறுத்துங்கள். உப்புசம் இறங்கினால் காரணம் அதுதான் என்று தெரிந்துவிடும், இறங்காவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது என்று தெரியும். இரண்டுமே பயனுள்ள தகவல். பிறகு சைலியம் உமி ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில், கலந்த உடனே குடித்துவிட வேண்டும், மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர். உலர்ந்த பொடியாக வாயில் போட்டுக்கொள்வதோ, குறைந்த தண்ணீரில் விழுங்குவதோ கூடாது. தொண்டையில் வீங்கி அடைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. ஒரு வாரம் அதே அளவு. ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் இன்னொரு வேளைக்கு இன்னொரு டீஸ்பூன். இப்படி ஏறி 10 கிராம் பக்கம் போய் நான்கு வாரம் பாருங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள், ஏனென்றால் கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை என்றால் இன்னும் அதிக இடைவெளி நல்லது, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

இதற்கிடையில் பூண்டு, வெங்காயம், கோதுமை, பயறு வகைகள் என்று சாப்பாட்டில் ஏற்கெனவே ப்ரீபயாடிக் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதல் மூன்றிலும் இருப்பது இன்யுலினின் குடும்பம், பயறுகளில் இருப்பது ஜிஓஎஸ். இவற்றைச் சாப்பிட்டாலே உங்களுக்கு உப்புசம் என்றால், ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த குறைந்த ஃபாட்மேப் உணவுமுறை, அதாவது குடலில் எளிதில் புளிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை, என்று ஒன்று இருக்கிறது. தெரிந்த உணவியலாளரின் துணையோடு சில வாரம் மட்டும் முயன்று பார்க்கலாம். மாதக்கணக்கில் அதிலேயே இருக்காதீர்கள். அந்த உணவுமுறையில் முதலில் குறைவது இவ்வளவு நேரம் நாம் வளர்க்கப் பேசிய பிஃபிடோபாக்டீரியாதான்.

மீதி இருக்கும் இன்யுலின் டப்பாவைத் தூக்கி எறியத் தேவையில்லை. மலச்சிக்கல் அடங்கிய பிறகு விருப்பம் இருந்தால், அரை டீஸ்பூன், ஒரு நாளைக்கு ஒரே வேளை, ஏதாவது சாப்பாட்டோடு கலந்து எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு அளவைக் கூட்டாதீர்கள். ஒத்துக்கொண்டால் ஒரு டீஸ்பூன், அதிலேயே நின்றுகொள்ளலாம். அரை டீஸ்பூனுக்கே மத்தளம் என்றால் அதைத் தாங்குகிற வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதுவரை மூடியை இறுக்கி வையுங்கள், ஈரம் பட்டால் பாறை மாதிரி கட்டிக்கொள்ளும்.